சமூகத்தை அசைத்த கவியரங்குகள்: உகாழ் முதல் லாகூர் வரை

கவிதையைக் குறித்து நம் சமுதாயத்தில் இரு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. கவிதை வீண்பொழுது, மார்க்கத்தில் பிடிப்புள்ளவர் அதில் ஈடுபடலாகாது என்பர் ஒரு சாரார். மீலாது மேடையிலும் மத்ரஸா ஆண்டு விழாவிலும் கவியரங்கம் இல்லையெனில் விழாவே நிறைவுறாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. மக்கள் கூடி அமர்ந்து கவிதை கேட்ட அவைகள் மக்களின் வாழ்க்கையில் எதையேனும் மாற்றினவா? மாற்றின எனில், எவ்வாறு மாற்றின? இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குர்ஆனில் கவிஞர்களின் பெயராலேயே ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. அஷ்ஷுஅரா எனும் அந்த அத்தியாயத்தின் இறுதி வசனங்கள், பள்ளத்தாக்குகள்தோறும் அலைந்து திரிந்து, செய்யாததைச் சொல்லும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. அடுத்த வசனத்திலேயே, ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதிக்கு ஆளான பின் தம்மைத் தற்காத்துக் கொண்டோருக்கு விலக்கும் அளிக்கப்படுகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான தொடர்பே இங்கு உரைகல்லாக வைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் மனத்தில் இருத்திக் கொள்வோம். பின்வரும் வரலாறு முழுவதிலும் அந்த உரைகல் நமக்குப் பயன்படும்.

உகாழ் சந்தையும் மதீனாவின் அவையும்

இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு மண்ணில் மக்காவுக்கும் தாயிஃபுக்கும் இடைப்பட்ட உகாழ் எனும் இடத்தில், போர் விலக்கப்பட்ட துல்கஃதா மாதத்தில் ஆண்டுதோறும் பெருஞ்சந்தை கூடியது. தோலும் பேரீச்சையும் ஒட்டகமும் விலைபோன அதே சந்தையில் கவிதையும் அரங்கேறியது. புகழ்பெற்ற கவிஞர் நாபிகா அத்துப்யானீக்கு அங்கு செந்நிறத் தோற்கூடாரம் அமைக்கப்படும் என்றும், அவர் நடுவராக அமர்ந்து கவிஞர்களின் தரத்தைத் தீர்மானிப்பார் என்றும் அரபு இலக்கிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய பெண் கவிஞர் கன்ஸா அவர்களும் அவ்வவையில் கவிதை பாடியவரே.

ஆயினும் உகாழின் கவிதை பெரும்பாலும் குலப்பெருமையின் குரலாகவே இருந்தது. ஒரு குலத்தாரை உயர்த்தி மற்றொரு குலத்தாரை இழித்துரைக்கும் பாடல், சந்தை கலைந்த பின்னும் நாவுகளில் வாழ்ந்தது, பழிக்குப்பழியை வளர்த்தது. ஃபிஜார் போர்கள் என அறியப்படும் சண்டைகளின் காரணங்களுள் உகாழில் எழுந்த தற்பெருமைப் பேச்சுகளும் குறிப்பிடப்படுகின்றன. ஆக, கவிதை அவைக்கு ஆற்றல் உண்டு என்பதில் அன்றைய அரபியருக்கு ஐயமே இருந்ததில்லை. அந்த ஆற்றல் எத்திசையில் செலுத்தப்பட்டது என்பதே கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் அந்த ஆற்றலைத் திசை திருப்பினார்கள். கவிதையிலும் ஞானம் உண்டு என்னும் பொருள்பட அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் ஒன்று வைக்கப்பட்டதை ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் பனூ தமீம் குலத்தின் தூதுக்குழு மதீனா வந்தபோது நிகழ்ந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. தம் பேச்சாளரையும் கவிஞரையும் முன்னிறுத்திப் பெருமையில் போட்டியிட வந்திருப்பதாக அவர்கள் அறிவித்தனர். நபி (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை. அவர்களுடைய பேச்சாளருக்குப் பதிலுரைக்க ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களையும், கவிஞர் ஸிப்ரிகானுக்கு விடை பகர ஹஸ்ஸான் (ரலி) அவர்களையும் பணித்தார்கள். கேட்டு முடித்ததும், எதிர்த்தரப்பின் சொல் தம் சொல்லை வென்றதாக அக்குலத்தின் தலைவர்களுள் ஒருவரான அக்ரஃ இப்னு ஹாபிஸ் ஒப்புக்கொண்டார். அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர் என இப்னு இஸ்ஹாக்கின் ஸீரா கூறுகிறது. ஒரு கவிதை அவை, வாள் உருவப்படாமல் ஒரு குலத்தின் போக்கை மாற்றிய நிகழ்வு இது.

தில்லியின் பழைய முஷாயரா

இனி, பன்னிரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நம் நாட்டின் வடபுலத்துக்கு வருவோம். உருது மொழியில் கவியரங்கிற்கு முஷாயரா என்று பெயர். முகலாயரின் இறுதிக் காலத்துத் தில்லியில் அது செம்மையான ஒழுங்குகளைக் கொண்டிருந்தது. விளக்கு எந்தக் கவிஞரின் முன் நகர்த்தப்படுகிறதோ அவரே பாட வேண்டும். இளையவர் முதலிலும் மூத்தோர் இறுதியிலும் பாடுவர். அவைத் தலைவரை மீர்-ஏ-முஷாயரா என்பர். பிடித்த அடியை மீண்டும் பாடுமாறு அவையோர் 'முகர்ரர்' எனக் குரல் எழுப்புவர்.

அவற்றுள் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. அரங்கிற்கு முன்பே 'தரஹ்' எனப்படும் ஒரு மாதிரி அடி அறிவிக்கப்படும். அதன் யாப்பிலும் இயைபிலும் அனைவரும் கஸல் இயற்றி வர வேண்டும். அதாவது, எப்படிப் பாட வேண்டும் என்பதை அவை தீர்மானித்தது. எதைப் பற்றிப் பாட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவில்லை. காதலியின் கூந்தலும் மதுக்கிண்ணமும் பிரிவுத் துயரும் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுள் ஞானப்பொருள் பொதிந்த உயர்ந்த கவிதைகளும் இருந்தன. மிர்ஸா காலிபும் ஸவ்க்கும் மோமினும் வாழ்ந்த காலம் அது. எனினும் வெளியே ஓர் அரசு சரிந்துகொண்டிருந்தது. அவைக்குள் அதன் ஓசை பெரிதும் கேட்கவில்லை.

1857இல் அனைத்தும் குலைந்தது. தில்லி வீழ்ந்தது. 'தில்லி உருது அக்பார்' எனும் இதழை நடத்திய மௌலவி முஹம்மத் பாகிர் ஆங்கிலேயரால் மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். அவருடைய மகனும் கவிஞர் ஸவ்க்கின் மாணவருமான முஹம்மத் ஹுஸைன் ஆஸாத், குடும்பத்துடன் வீட்டை விட்டு வெளியேறுகையில், தம் ஆசிரியரின் கவிதைச் சுவடிகளைச் சுமந்து சென்றதாகத் தாமே எழுதியுள்ளார். பல ஊர்களில் அலைந்து இறுதியில் லாகூரை அடைந்தார்.

1874: லாகூரில் ஒரு புதிய விதி

லாகூரில் 1865இல் 'அஞ்சுமனே பஞ்சாப்' என்னும் கழகம் நிறுவப்பட்டிருந்தது. அரசுக் கல்லூரியின் முதல்வர் லைட்னர் அதன் மூலவர். ஆஸாத் அக்கழகத்தில் முதன்மைப் பங்காற்றினார். 1874 மே மாதத்தில், பஞ்சாப் கல்வித்துறை இயக்குநர் கர்னல் ஹால்ராய்டின் ஆதரவுடன், அவர் முஷாயராவில் ஒரேயொரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். இனி தரஹ் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு தலைப்பு தரப்படும். மழைக்காலம், நம்பிக்கை, நாட்டுப்பற்று, நீதி என்றவாறு தலைப்புகள் அறிவிக்கப்பட்டன. எந்த யாப்பிலும் பாடலாம். ஆனால் பொருளைப் பற்றிப் பாட வேண்டும்.

மாற்றம் சிறிதே. விளைவோ பெரிது. எப்படிப் பாடுவது என்று மட்டும் கவலைப்பட்டு வந்த கவிஞர், எதைப் பாடுவது என்று சிந்திக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். வெளியுலகம் அவைக்குள் நுழைய ஒரு வாயில் திறந்தது.

வரலாற்றை நேர்மையுடன் நோக்குவோர் இங்கு ஒன்றை மறைக்கலாகாது. இந்த அரங்குகளுக்கு ஆங்கிலேய அரசின் ஆதரவு தன்னலமற்றது அன்று. பள்ளிப் பாடநூல்களில் சேர்ப்பதற்கு உகந்த செய்யுட்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. தம் தந்தையைக் கொன்ற ஆட்சியின் அலுவலரோடு ஒரே மேடையில் அமர்ந்து ஆஸாத் புதிய கவிதைக்காக வாதாடினார். அவர் உள்ளத்தில் என்ன எழுந்திருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பழைய மரபினர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். ஓராண்டுக்குள் அரங்குத் தொடரும் நின்றுபோனது. மேலோட்டமாகப் பார்ப்பவர், அது தோற்றுப்போன முயற்சி என்றே கணிப்பார். ஆனால் அவ்வவையில் அமர்ந்திருந்த ஒருவர் அதன் பயனை வெளியே சுமந்து சென்றார்.

பானிபத்தின் ஹாலி

அவர் பெயர் அல்தாஃப் ஹுஸைன், புனைபெயர் ஹாலி. 1837இல் பானிபத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். திருக்குர்ஆனை மனனம் செய்தவர். பதினேழாம் வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டபின், கல்வித் தாகம் அடங்காமல் எவரிடமும் சொல்லாது தில்லிக்குப் புறப்பட்டுச் சென்றார். அங்கு காலிபின் நட்பையும் வழிகாட்டுதலையும் பெற்றார். பின்னர் லாகூரில் அரசு நூல் நிலையத்தில், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட நூல்களின் உருது நடையைத் திருத்தும் பணியில் அமர்ந்தார். 1874இன் அரங்குகளில் அவர் நான்கு கவிதைகள் பாடினார். நாட்டுப்பற்றைப் பற்றிய கவிதையில், மண்ணை நேசிப்பதாகச் சொல்வோர் அம்மண்ணில் வாழும் எல்லாச் சமயத்தாரின் துயரையும் தம் துயராகக் கருத வேண்டும் என்பதையே மையக் கருத்தாக வைத்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1879இல், ஸர் ஸையித் அஹ்மத் கானின் தூண்டுதலால் ஹாலி தம் 'முஸத்தஸ்' காவியத்தை வெளியிட்டார். அறியாமைக் கால அரபகம், நபி (ஸல்) அவர்களின் வருகை, முஸ்லிம்கள் கல்வியிலும் நாகரிகத்திலும் அடைந்த உயர்வு, பின்னர் நேர்ந்த வீழ்ச்சி ஆகியவற்றை ஆறடிச் செய்யுட்களில் அது விவரிக்கிறது. செல்வர், ஆலிம்கள், கவிஞர் என எவரையும் அது விட்டுவைக்கவில்லை. மறுமையில் நீ கொண்டுவந்தது என்ன என்று இறைவன் கேட்டால், ஹாலியை முஸத்தஸ் எழுதச் செய்தேன் என்று விடை கூறுவேன் என ஸர் ஸையித் கருதினார் என்பது பலரும் அறிந்த செய்தி. இதன் உரிமையை அலீகர் கல்லூரிக்கு அளிக்க ஹாலி முன்வந்தபோது, அது எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பரவ வேண்டும், தெருவில் சிறுவர்களும் பாட வேண்டும் என்று ஸர் ஸையித் விரும்பினார். அவ்வாறே பரவியது. எழுத்தறியாதவர்களும் அதைச் செவிவழி கேட்டு மனனம் செய்தனர்.

அக்காவியத்தின் முதல் பதிப்பு இருள் சூழ்ந்த முடிவைக் கொண்டிருந்தது. 1886இல் ஹாலி அதற்கு ஒரு பிற்சேர்க்கை எழுதி நம்பிக்கையின் ஒளியைச் சேர்த்தார். சமுதாயத்தை அழவைத்துவிட்டு அகன்றுவிடுவது கவிஞரின் கடமைக்குப் போதாது என அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

1884இல் அவர் இயற்றிய 'கைம்பெண்ணின் முறையீடு' இன்னும் நுட்பமானது. இளம் வயதில் கணவனை இழந்த ஒரு பெண் தன் இறைவனிடம் நேரே பேசுவதாக அமைந்த கவிதை அது. கடினமான பாரசீகச் சொற்களை விலக்கி, வீட்டுப் பெண்கள் பேசும் எளிய மொழியில் அதை எழுதினார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தவிர நபி (ஸல்) அவர்கள் மணந்த துணைவியர் அனைவரும் முன்பே மணவாழ்வு கண்டவர்கள். அப்படியிருந்தும், வட இந்திய முஸ்லிம் உயர்குடியினர் விதவை மறுமணத்தை இழிவெனக் கருதும் வழக்கத்தில் ஊறியிருந்தனர். மார்க்கம் அனுமதித்ததை வழக்கம் தடுத்தது. அந்த வழக்கத்தின் முன் ஒரு பெண்ணின் குரலை ஹாலி நிறுத்தினார்.

அநாதைகளுக்காகக் கூடிய அவை

லாகூர் நகரில் 1884ஆம் ஆண்டு மற்றோர் அமைப்பு தோன்றியது. அதன் பெயர் 'அஞ்சுமனே ஹிமாயத்தே இஸ்லாம்'. பொதுமக்களின் நன்கொடையை நம்பிப் பள்ளிகளையும் அநாதை இல்லத்தையும் அது நடத்தியது. பின்னர் இஸ்லாமியாக் கல்லூரியையும் நிறுவியது. அதன் ஆண்டு மாநாட்டில் சொற்பொழிவோடு கவிதையும் இடம்பெற்றது. மாநாட்டுக்கு வருவோர் கவிதை கேட்பர். கேட்ட பின் அநாதை இல்லத்துக்கும் பள்ளிகளுக்கும் பொருள் வழங்குவர்.

1900இல் அம்மேடையில், லாகூர் கீழ்த்திசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் 'அநாதையின் ஓலம்' எனும் கவிதையைப் பாடினார். அவர்தாம் முஹம்மத் இக்பால். அவையோர் கண்கலங்கினர். நன்கொடைகள் குவிந்தன. அநாதை இல்லம் நடத்தும் அமைப்பின் மேடையில், அநாதைகளைப் பற்றிய கவிதை, அநாதைகளின் உணவுக்கும் கல்விக்கும் பொருள் திரட்டியது. சொல்லும் செயலும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தன. அஷ்ஷுஅரா அத்தியாயம் காட்டும் உரைகல்லில் இது தேறும் என்றே நாம் நம்புகிறோம்.

1904ஆம் ஆண்டு மாநாட்டில் நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. முதுமையடைந்திருந்த ஹாலி கவிதை பாட எழுந்தார். பெருங்கூட்டத்தின் முன் அவருடைய மெலிந்த குரல் எட்டவில்லை. அப்போது இக்பால் எழுந்து ஹாலியின் கவிதையைத் தம் குரலில் அவைக்குப் படித்துக் காட்டினார். ஒரு தலைமுறையின் கவலை அடுத்த தலைமுறையின் நாவுக்கு மாறிய காட்சி அது. 1911இல் அதே அமைப்பின் மாநாட்டில் இக்பால் தம் 'ஷிக்வா'வைப் பாடினார். இறைவனிடம் முறையிடும் அதன் துணிவு சிலருக்கு உவப்பாக இல்லை, கண்டனங்களும் எழுந்தன. பின்னர் பால்கன் போர்க் காலத்தில் அதற்கான மறுமொழிக் கவிதையை லாகூர் மோச்சி வாயில் அருகே திரண்ட மக்கள் முன் பாடினார். அதன் பிரதிகள் விற்ற பணம் துருக்கியருக்கான துயர்துடைப்பு நிதிக்குச் சென்றது.

அவைக்கு வர இயலாத குரல்கள்

இந்த அவைகளைப் போற்றும் நாம் அவற்றின் குறையையும் சொல்லியாக வேண்டும். கைம்பெண்ணின் துயரை ஹாலி பாடினார். கைம்பெண் தானே அவையில் பாடவில்லை. 1905இல் ஹாலி, பெண்களின் பொறுமைக்கும் உழைப்புக்கும் நீதி கோரும் மற்றொரு கவிதையை எழுதினார். அலீகரில் ஷைக் அப்துல்லாஹ் நடத்திய 'காத்தூன்' எனும் பெண்கள் இதழில் அது வெளியானது. மறு ஆண்டே, 1906இல், ஷைக் அப்துல்லாஹ் அலீகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். இன்று பல்லாயிரம் பெண்கள் பயின்று வெளியேறிய மகளிர் கல்லூரியாக அது வளர்ந்து நிற்கிறது. ஹாலியும் தம் பானிபத்தில் சிறுமியருக்காகப் பள்ளி நிறுவினார்.

அதே காலத்தில் அலீகர் வட்டாரத்தின் செல்வந்தக் குடும்பத்தில் ஸாஹிதா காத்தூன் ஷெர்வானியா எனும் பெண் கவிதை எழுதினார். சமுதாயத்தின் விழிப்பையும் பெண்களின் உரிமையையும் பாடிய அவர், தம் முழுப்பெயரை வெளியிட இயலாத சூழலில் மூன்று உருது எழுத்துகளை மட்டும் ஒப்பமாக இட்டார். 1922இல், முப்பது வயதை எட்டும் முன்பே அவர் இறையடி சேர்ந்தார். உகாழில் கன்ஸா அவர்கள் எழுந்து நின்று பாடினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரை மறைத்து எழுதினார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திப்பது நமக்கு நலம் தரும்.

நமக்குரிய பாடம்

நம் தமிழ் மண்ணுக்கும் இம்மரபு அந்நியமானதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அவையில் அரங்கேறிய நூலே. வாணியம்பாடியில் உருது முஷாயராவும் தமிழ்க் கவியரங்கமும் அக்கம்பக்கமாக வளர்ந்தன. அவ்வூர் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான், கவியரங்க மேடைக்கும் தமிழில் கஸல் வடிவுக்கும் ஆற்றிய பணியை நாடறியும். மேடை நம்மிடம் உள்ளது. கேட்கும் செவிகளும் உள்ளன.

வரலாறு நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகிறது. முதலாவது, தலைப்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே அவையின் பயன் பாதி தீர்மானமாகிவிடுகிறது. 1874இல் ஆஸாத் மாற்றியது அது ஒன்றைத்தான். இரண்டாவது, மொழி கேட்போருக்குரியதாக இருக்க வேண்டும். கைம்பெண்ணின் கவிதைக்காக ஹாலி புலமையின் ஆரவாரத்தைத் துறந்தார். மூன்றாவது, கவிதை தூண்டும் இரக்கம் வடிந்துவிடும் முன் அதை ஏந்திக் கொள்ள ஒரு செயல் ஆயத்தமாக இருக்க வேண்டும். அநாதை இல்லம் இருந்ததால் கண்ணீர் உணவாயிற்று. இல்லையெனில் கண்ணீர் காய்ந்ததும் அவை கலைந்திருக்கும்.

நம் ஊர்களில் இன்று கைக்கூலியால் திருமணம் தடைபட்ட பெண்கள் உள்ளனர். கணவனை இழந்தபின் மறுமணம் பற்றி வாய்திறக்கத் தயங்கும் இளம்பெண்கள் உள்ளனர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்லும் சிறுவர்கள் உள்ளனர். நம் மேடைகளில் இவர்களைப் பற்றிய கவிதை ஒலிக்கிறதா? ஒலித்தாலும், விழா முடியும் முன் ஜமாஅத் தலைவர் எழுந்து, இவ்வாண்டு நம் மஹல்லாவில் கைக்கூலித் திருமணம் நடவாது என்றோ, இத்தனை சிறுவர்களின் கல்விச் செலவை ஏற்கிறோம் என்றோ அறிவிக்கும் வழக்கம் உண்டா? அடுத்த ரபீஉல் அவ்வலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. விழாக் குழுவினர் கவிஞர்களுக்குக் கடிதம் எழுதும்போது தலைப்பையும் சேர்த்து எழுதட்டும். அத்தலைப்புக்குரிய செயலை ஜமாஅத்தின் கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்யட்டும். நம் பெண்மக்களின் கவிதைகளுக்கும், அவர்களின் கண்ணியம் காத்து, அவர்களின் பெயரோடு இடமளிக்கட்டும்.

நாம் சொல்வதைச் செய்பவர்களாகவும், செய்ய இயலாததைச் சொல்லாதவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.